வீசா மறுக்கப்பட்ட பின் மீண்டும் விண்ணப்பித்தல்: இரண்டாவது கோப்பில் மாற வேண்டியது எது?

திருகோணமலையில், பிள்ளைகளில் ஒருவராவது டொரொன்டோவிலோ லண்டனிலோ பாரிஸின் புறநகர் ஒன்றிலோ வாழ்கின்ற குடும்பங்கள் ஏராளம். மகளின் பிரசவத்துக்கும், பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தொராம் நாள் சடங்குக்கும், தம்பியின் கலியாணத்துக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்று அக்குடும்பத்தினர் அனுப்பும் வருகையாளர் வீசா விண்ணப்பங்கள் பல மறுக்கப்படுகின்றன. மறுப்புக் கடிதம் கிடைத்த அன்றே வீட்டில் இரண்டு யோசனைகள் எழுகின்றன. அதே பத்திரங்களோடு உடனே மறுபடியும் போட்டுப் பார்ப்பது ஒன்று. வங்கிக் கணக்கில் இன்னும் சில இலட்சங்களைக் காட்டிவிட்டுப் போடுவது மற்றொன்று. இரண்டு வழியும் பெரும்பாலும் முன்னைய மறுப்பிலேயே கொண்டுபோய் விடுகின்றன. முதல் மறுப்புக்கு எழுதப்பட்ட பதிலாகவே இரண்டாவது விண்ணப்பம் வாசிக்கப்படுகிறது என்பதும், எந்தச் சந்தேகத்துக்குப் பதில் எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதப்படும் பதில் எத்தனை பக்கம் நீண்டாலும் பயன் தராது என்பதும் இங்கே பலருக்கும் சொல்லப்படுவதில்லை.

மறுப்பின் தன்மையை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. வருகையாளர் வீசா மறுக்கப்படுவது தண்டனை ஆகாது. பொய்யோ போலிப் பத்திரமோ காணப்படாத சாதாரண மறுப்புக்குப் பின்னர், பிரித்தானியா, கனடா, ஐக்கிய அமெரிக்கா, ஷெங்கன் நாடுகள் (ஒரே பொது வீசாவை ஏற்கும் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகள்) ஆகிய எதற்கும் மீண்டும் விண்ணப்பிக்க இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பொது விதி கிடையாது. ஆறு மாதம் பொறுத்துத்தான் போட வேண்டும் என்று ஊரில் உறுதியாகச் சொல்லப்படுவது இந்நாடுகளின் விதிகளில் இல்லை. ஆனால் முன்னைய விண்ணப்பம் அழிந்துபோவதுமில்லை. அதிலே எழுதிய வருமானம், சகோதரர் எண்ணிக்கை, பயண நோக்கம், தொழில் எல்லாம் பதிவில் இருக்கும். இரண்டாவது கோப்பைத் திறக்கும் அதிகாரி முதலாவதையும் பார்க்கலாம். செலுத்திய கட்டணமும் திரும்பி வராது. ஷெங்கன் வீசாவுக்கு 2024 ஜூன் 11 முதல் வயது வந்தவர் ஒருவருக்கு 90 யூரோ. அமெரிக்க வருகையாளர் வீசாவுக்கு 2023 முதல் 185 டொலர். கனடாவுக்கு 100 கனேடிய டொலரும் விரலடையாளத்துக்கு மேலும் 85 டொலரும். கனடாவுக்குக் கொடுத்த விரலடையாளம் 10 ஆண்டுகள் செல்லுபடியாவதால் மறு விண்ணப்பத்தில் அந்த 85 டொலரை மீண்டும் கட்ட வேண்டியதில்லை என்ற சிறு ஆறுதல் மட்டும் உண்டு.

மறுப்பது யார் என்பதிலும் மயக்கம் இருக்கிறது. இரவு ரயிலிலோ பேருந்திலோ கொழும்புக்குப் போய் வி.எப்.எஸ். நிலையத்தில் விரலடையாளம் கொடுத்துவிட்டு வருபவர்கள், அங்கிருந்த உத்தியோகத்தர் தன் பத்திரங்களைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பின்னர் வருந்துவதுண்டு. வி.எப்.எஸ். தீர்மானம் எடுக்கும் இடமே அன்று. அது விண்ணப்பத்தையும் கடவுச்சீட்டையும் பெற்றுக் கைமாற்றும் தனியார் நிறுவனம். தீர்மானம் அந்தந்த நாட்டு அதிகாரியுடையது. அவர் பல வேளைகளில் இலங்கைக்கு வெளியே இருக்கிறார். தம்பலகாமம் எந்தத் திசையில் இருக்கிறது, அங்கே நெல் எந்த மாதம் வெட்டப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்க வீசா ஒன்றில்தான் விண்ணப்பதாரர் கொழும்புத் தூதரகத்தில் அதிகாரியின் முன் நின்று பேசுவது வழக்கமான நடைமுறை. ஏனைய நாடுகளுக்குப் பெரும்பாலும் கோப்புத்தான் பேச வேண்டும்.

அந்தக் கோப்பை அதிகாரி எதை வைத்து அளக்கிறார்? கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் 179ஆம் பிரிவு, வருகையாளர் தனக்கு அனுமதிக்கப்பட்ட காலம் முடிவதற்குள் கனடாவை விட்டு வெளியேறுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்கிறது. பிரித்தானியக் குடிவரவு விதிகளின் வருகையாளர் பின்னிணைப்பு, அவர் உண்மையான வருகையாளரா, வருகை முடிந்ததும் புறப்படுவாரா, அடிக்கடி வந்து அங்கேயே குடியிருப்பதுபோல் ஆகிவிடுவாரா, செலவுக்குப் போதிய பணம் உண்டா என்று கேட்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு இவை எல்லாவற்றையும் விடக் கடுமையானது: வருகையாளர் வீசா கேட்கும் ஒவ்வொருவரும் குடியேறவே வருகிறார் என்று சட்டம் முதலில் ஊகித்துக்கொள்கிறது, அந்த ஊகத்தை உடைப்பது விண்ணப்பதாரரின் வேலை. ஷெங்கன் நாடுகள் 2009ஆம் ஆண்டின் பொது வீசாக் கோவையின் 32ஆம் உறுப்புரையைப் பின்பற்றுகின்றன. சொற்கள் வேறுபட்டாலும் நான்கிலும் நிரூபிக்கும் பாரம் விண்ணப்பதாரர் மேல்தான் இருக்கிறது. அதிகாரி நீங்கள் திரும்ப மாட்டீர்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. திரும்புவீர்கள் என்று தனக்குத் தோன்றவில்லை என்று எழுதினாலே போதும்.

ஆகவே இரண்டாவது விண்ணப்பத்தின் முதல் வேலை மறுப்புக் கடிதத்தை வரிவரியாக வாசிப்பது. ஆங்கிலக் கடிதம் என்று மூலையில் போட்டுவிட்டு, தொலைபேசியில் மகன் சொன்ன சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது பெரிய இழப்பு. பிரித்தானியக் கடிதங்கள் பெரும்பாலும் அந்தக் கோப்பிலிருந்தே பேசுகின்றன: மாத வருமானம் இவ்வளவு என்று கூறியுள்ளீர்கள், வங்கிக் கூற்றில் இன்ன திகதியில் இவ்வளவு தொகை வைப்பிடப்பட்டுள்ளது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை என்பதுபோல. இப்படிப்பட்ட கடிதம் மனதை நோகச் செய்தாலும் விண்ணப்பதாரருக்கு உதவியானது. எந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடுகிறது. கனேடியக் கடிதங்கள் இதற்கு நேர்மாறாக, வருகையின் நோக்கம், கனடாவிலும் வதிவிட நாட்டிலும் உள்ள குடும்பப் பிணைப்பு, சொத்தும் நிதி நிலையும் என்ற பொதுத் தலைப்புகளோடு நின்றுவிடும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. ஷெங்கன் நாடுகளின் மறுப்பு, காரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்ட ஒரே மாதிரியான படிவத்தில் அடையாளமிட்டு வரும். அமெரிக்கத் தூதரகம் கொடுக்கும் 214(பி) தாளில் தனிப்பட்ட காரணம் எதுவும் இராது.

பொதுத் தலைப்போடு வந்த கனேடிய மறுப்பின் பின்னால் அதிகாரி எழுதிய குறிப்பு ஒன்று கணினிப் பதிவில் இருக்கிறது. ஜி.சி.எம்.எஸ். குறிப்பு என்று முகவர்கள் சொல்வது அதைத்தான். தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 கனேடிய டொலர் கட்டணத்தில் அதைக் கேட்டுப் பெறலாம். கனேடியப் பிரஜையோ நிரந்தர வதிவாளரோ கனடாவில் இருப்பவரோ கேட்க வேண்டும் என்பதால், அங்குள்ள மகனுக்கோ மகளுக்கோ சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தால் போதும். 2025 ஜூலை இறுதியிலிருந்து சில வகை விண்ணப்பங்களின் மறுப்புக் கடிதத்துடனேயே இந்தக் குறிப்பை இணைத்து அனுப்பும் நடைமுறையைக் கனடா தொடங்கியிருக்கிறது. குறிப்பு சில வரிகள்தான் இருக்கும். ஆனால் அந்தச் சில வரிகளுக்குள், இலங்கையில் வாழும் மற்றைய இரண்டு பிள்ளைகள் பற்றி விண்ணப்பம் எதுவும் சொல்லவில்லை என்றோ, நிலையான வைப்பு விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்னர்தான் தொடங்கப்பட்டது என்றோ எழுதப்பட்டிருந்தால், அடுத்த கோப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிரித்தானியாவிடமும் தன்னைப் பற்றிய பதிவுகளைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறும் உரிமை விண்ணப்பதாரருக்கு உண்டு. இதற்குச் சில வாரங்கள் செல்லும். கலியாணத் திகதி நெருங்கும்போது அந்த வாரங்களைப் பொறுத்திருப்பது கடினம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் காரணம் தெரியாமல் அவசரமாகப் போட்டு இரண்டாவது மறுப்பையும் பதிவில் ஏற்றிக்கொள்வதைவிட அது மேல்.

இனிப் பணம். எங்கள் மாவட்டத்து விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பணம் இல்லாததால் மட்டும் அல்ல. இருக்கும் பணத்தின் வழி காகிதத்தில் தெரியாததாலும் விழுகின்றன. மாதச் சம்பளம் வங்கியில் விழும் ஆசிரியருக்கோ தாதிக்கோ ஆறு மாதக் கூற்றே தன் கதையைச் சொல்லிவிடும். கந்தளாய்க் குளத்து நீரில் வயல் செய்பவருக்குப் பணம் வருவது ஆண்டில் இரண்டு தடவை, பெரும்போக அறுவடையோடு மாசி பங்குனியிலும், சிறுபோக அறுவடையோடு ஆவணி புரட்டாதியிலும். குச்சவெளியிலோ மூதூரிலோ படகு வைத்திருப்பவரின் வருமானம் வடகீழ்ப் பருவக்காற்றோடு கடல் குழம்பும் மாதங்களில் வற்றிப்போகிறது. நிலாவெளியில் விடுதியோ சாப்பாட்டுக் கடையோ நடத்துபவருக்குச் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைதான் கை நிறையும். இவர்களில் ஒருவர் தை மாதத்தில் ஆறு மாதக் கூற்றைக் கொடுத்தால், அதிலே ஒரு பெரிய வரவும் பிறகு நீண்ட வெறுமையும் தெரியும். அதை வாசிக்கும் அதிகாரிக்கு, வீசாவுக்காக எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட பணம்போலவே அது தோன்றும். உழைத்துச் சேர்த்த பணம் இரவல் பணமாக வாசிக்கப்படுவது மிகுந்த அநியாயம். இந்த விதிகள் மாதச் சம்பளக்காரரின் வாழ்க்கையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கடலையும் வயலையும் நம்பி வாழ்பவர் அந்த அளவுகோலுக்குள் அடங்காமல் போவது அவருடைய பிழை அன்று.

விதியை மாற்ற முடியாது, கோப்பை மாற்றலாம். ஆறு மாதத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டோ பதினெட்டோ மாதக் கூற்றைக் கொடுத்தால் ஒரே பருவத்தில் ஆண்டுதோறும் பணம் வருவது தெரிந்துவிடும். நெல் விற்ற பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையத்தில் வயல் பதியப்பட்டதற்கான ஆதாரம், கமக்காரர் அமைப்பின் கடிதம் ஆகியவற்றை அந்த வரவுகளின் திகதிகளோடு பொருத்தி வைக்கலாம். படகு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதியப்பட்ட சான்று, தொழில் அனுமதிப்பத்திரம், கூட்டுறவுச் சங்கத்தில் மீன் கொடுத்த கணக்கு, பிரதேச செயலகத்தில் செய்த வர்த்தகப் பதிவு, வருமான வரிக் கோப்பு இருந்தால் அதன் பிரதி என்பன இவ்வாறே. முக்கியமானது, பெரிய வரவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது என்ன என்று ஒரு வரி எழுதப்பட்டிருப்பது: இந்தத் திகதியில் வந்த இந்தத் தொகை இன்ன போகத்து நெல் விற்றது, பற்றுச்சீட்டு இணைப்பில். காணி விற்றோ சீட்டு எடுத்தோ அடகு வைத்தோ வந்த பணமானால் அதையே சொல்ல வேண்டும். அதிகாரிக்குச் சந்தேகம் தருவது வரவின் பருமன் அன்று, அதன் பின்னால் உள்ள மௌனம்.

இதே இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் குறிப்பிட வேண்டும். பணம் 28 நாள் கணக்கில் கிடந்தால் போதும் என்று பலர் நம்புகின்றனர். அது பிரித்தானிய மாணவர் வீசாவுக்கான விதி. கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்தாக வேண்டும் என்று அங்கே கேட்கப்படுகிறது. வருகையாளர் வீசாவில் அப்படி ஒரு நாள் கணக்கு இல்லை. அங்கே பார்க்கப்படுவது வருமானத்துக்கும் சேமிப்புக்கும் பயணச் செலவுக்கும் இடையிலான பொருத்தம். மாதம் எண்பதாயிரம் ரூபாய் வருமானம் என்று எழுதியவரின் கணக்கில் 28 நாளாக ஐம்பது இலட்சம் கிடப்பது அவருக்கு உதவுவதில்லை, எதிராகவே நிற்கிறது.

வெளிநாட்டுப் பிள்ளையின் உதவி பற்றியும் இவ்வாறே சொல்லலாம். செலவை மகன் ஏற்பது தவறே இல்லை. பிரித்தானிய விதிகள், உதவுபவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உண்மையான உறவு உண்டு, அவரால் உதவ முடியும், உதவுவார், அவர் அங்கே சட்டப்படி இருக்கிறார் என்று காட்டப்பட்டால் அதனை ஏற்கின்றன. ஆனால் பல ஆண்டுகளாக மகன் அனுப்பிவந்த பணம் உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் கைமாறி வந்திருந்தால், பெற்றோரை அவர் தாங்கிவருகிறார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் கையில் இராது. மறு விண்ணப்பத்துக்குச் சில மாத அவகாசம் இருக்குமானால், அந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பத் தொடங்கச் சொல்வதே முதற்படி. உறவை நிறுவ மகனின் பிறப்புச் சான்றிதழ் அவசியம். எங்கள் வழக்கில் தந்தை பெயர் முன்னால் நிற்பதாலும், வெளிநாட்டில் பிள்ளையின் பெயர் வேறு ஒழுங்கில் பதியப்படுவதாலும், இரண்டு கடவுச்சீட்டுகளை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்குத் தந்தையும் மகனும் அந்நியர்களாகவே தெரிவார்கள்.

ஊரோடு உள்ள பிணைப்பைக் காட்டக் காணி உறுதி ஒன்றை இணைத்தால் போதும் என்ற எண்ணமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மதிப்பீட்டாளருக்குப் பணம் கொடுத்து, காணியும் வீடும் இத்தனை கோடி என்று அறிக்கை எடுத்து முதல் பக்கத்தில் வைக்கிறார்கள். காணி உரிமையாளர் போனாலும் வந்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும்; ஆகையால் அது திரும்பி வருவதற்குத் தனியாக நின்று சாட்சி சொல்வதில்லை. மேலும் இம்மாவட்டத்தில் பலரிடம் இருப்பது உறுதி அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமோ அளிப்போதான். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் மட்டும் வெளிநாட்டு அதிகாரிக்கு விளங்காது. இன்னார் இந்தக் காணியை இந்த ஆண்டிலிருந்து அனுபவித்து வருகிறார் என்ற பிரதேச செயலகத்தின் கடிதம் அதனோடு இருக்க வேண்டும். அந்தக் காணியில் யார் என்ன செய்கிறார், அவர் இல்லாத வாரங்களில் யார் பார்ப்பார், எந்தத் திகதிக்குள் அவர் வந்தாக வேண்டும் என்பவற்றைச் சொன்னால்தான் காணி பிணைப்பாக மாறும்.

உண்மையில் ஒரு மனிதரை ஊருக்குத் திரும்பக் கொண்டுவருபவை பெரும்பாலும் சாதாரண விடயங்கள். வலயக் கல்வி அலுவலகம் வழங்கிய வெளிநாட்டு விடுமுறை அனுமதியில் கடமைக்குத் திரும்பும் திகதி இருக்கும். உயர்தரம் படிக்கும் கடைசி மகளின் பாடசாலைக் கடிதம் இருக்கும். படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்ப்பவர் யார் என்பதைப் பொது வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி சொல்லும். கோயில் பரிபாலன சபையில் பொருளாளராக இருப்பவருக்குத் திருவிழாத் திகதி இருக்கும். ஓய்வூதியம் பெறுபவர் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் கோப்பில் வைக்கலாம் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை, ஏனென்றால் அவை செல்வத்தைக் காட்டுவதில்லை. கிராம அலுவலரின் சான்றும் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியும் வழக்கமாக இணைக்கப்படுகின்றன. அவை வதிவிடத்தை உறுதிப்படுத்த உதவும், ஆனால் ‘இவர் நிச்சயமாகத் திரும்பி வருவார்’ என்று விதானையார் எழுதித் தருவதற்கு அதிகாரியின் மேசையில் அதிக எடை கிடையாது.

இவ்வாறு சேர்ந்தவற்றை ஒன்றாக்குவது விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதம். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். முன்னைய மறுப்பின் திகதியையும் கோப்பு எண்ணையும் முதலில் குறிப்பிட்டு, அதிலே எழுப்பப்பட்ட சந்தேகம் ஒவ்வொன்றையும் எடுத்து, அதற்கான பதிலையும் இணைப்பின் எண்ணையும் எழுத வேண்டும். அதிகாரி பிழை செய்துவிட்டார் என்று வாதாடுவதற்கு இது இடமில்லை; கெஞ்சுவதற்கும் இடமில்லை. மூதூரில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் விண்ணப்பம், இலங்கையில் குடும்பப் பிணைப்பு போதாது என்ற காரணத்தால் மறுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ‘நான் கட்டாயம் திரும்பி வருவேன், தயவுசெய்து நம்புங்கள்’ என்று அவர் எழுதுவதில் அதிகாரிக்குப் புதிய செய்தி எதுவும் இல்லை. முதல் விண்ணப்பத்தில் கனடாவில் உள்ள மகனைப் பற்றி மட்டும் எழுதியதையும், திருகோணமலையில் வேலை செய்யும் மூத்த மகளும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் தன்னோடு ஒரே வீட்டில் வாழ்வதையும், மகள் வேலைக்குப் போகும் நேரம் அப்பிள்ளைகளைத் தானும் மனைவியும் பார்ப்பதையும், இம்முறை மனைவி ஊரில் இருக்கத் தான் மட்டும் ஐந்து வாரம் போய்வரத் திட்டமிட்டிருப்பதையும் ஆதாரத்தோடு எழுதினால், மறுப்பின் அந்தக் காரணம் நேராகப் பதிலைச் சந்திக்கிறது.

மாற வேண்டியவை பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, மாறக்கூடாதவை பற்றியும் சொல்ல வேண்டும். முதல் விண்ணப்பத்தில் ஆறு மாதம் தங்குவதாக எழுதி மறுக்கப்பட்டவர் இரண்டாவதில் மூன்று வாரம் என்று எழுதலாம். அதற்குக் காரணம் கூற வேண்டும். ஆனால் முதலாவதில் விவசாயி என்று எழுதியவர் இரண்டாவதில் கடை உரிமையாளராகத் தோன்றினால், இரண்டும் உண்மையாகவே இருந்தாலும், விளக்கம் இல்லாத இடத்தில் அது பொய்யாகத் தெரியும். பிறந்த திகதி, பெயர் எழுத்து, பிள்ளைகளின் எண்ணிக்கை போன்றவற்றில் இது இன்னும் கூர்மையானது. 1990இன் இடம்பெயர்விலும் 2004 டிசெம்பர் 26இன் சுனாமியிலும் வீட்டோடு பத்திரங்களையும் இழந்தவர்கள் இங்கே பலர். சிலருக்குப் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக உத்தேச வயதுச் சான்றிதழ்தான் உண்டு. அடையாள அட்டையில் ஓர் எழுத்து, திருமணச் சான்றிதழில் வேறோர் எழுத்து. இவற்றை ஒளிக்க வேண்டியதில்லை. பத்திரங்கள் எப்போது, எப்படி அழிந்தன, இப்போது உள்ளவை எவ்வாறு பெறப்பட்டன என்பதை இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக் கடதாசியோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அகதியாகப் போன சகோதரர் பற்றிய கேள்வி பலருக்கு அச்சத்தைத் தருகிறது. பிரான்ஸில் தஞ்சம் கோரிய தம்பியைக் குடும்பப் படிவத்தில் எழுதினால் வீசா கிடைக்காது என்று எண்ணி, அவரை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். அந்த அச்சத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். போர் காலத்தில் உறவினரின் பெயரைச் சொல்லாமல் இருப்பதே உயிரைக் காத்த அனுபவம் இந்த ஊருக்கு உண்டு. ஆனால் வீசாப் படிவத்தில் அந்தத் தம்பி இருப்பது ஒரு கேள்வியை மட்டுமே எழுப்பும். அவர் மறைக்கப்பட்டது தெரியவந்தால் படிவத்தில் உள்ள மற்ற எல்லாவற்றின் மேலும் ஐயம் படரும். முதல் விண்ணப்பத்தில் அவர் விடுபட்டிருந்தால், இரண்டாவதில் சேர்த்துவிட்டு, முன்னர் விடுபட்டது ஏன் என்பதைத் தானாகவே எழுதுவதுதான் வழி.

முன்னைய மறுப்புகளை மறைப்பதும் இவ்வகையைச் சேர்ந்தது. தங்கள் நாட்டில் மட்டுமல்ல, எந்த நாட்டிலாவது வீசா மறுக்கப்பட்டதா என்று கனேடியப் படிவம் கேட்கிறது. பிரித்தானியப் படிவமும் கேட்கிறது. கனடா, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் விரலடையாளத்தின் வழியே குடிவரவுத் தகவல்களைத் தமக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. லண்டன் மறுத்ததை ஒட்டாவா அறியாது என்ற கணக்கு இனிப் பொருந்தாது. சாதாரண மறுப்புக்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்று மேலே சொன்னது இங்கே முற்றாக மாறிவிடுகிறது. கனடாவில் தவறான தகவல் தந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் 5 ஆண்டுகளுக்கு உள்நுழையத் தகுதி இல்லை. 2014 நவம்பருக்கு முன்னர் அது 2 ஆண்டாக இருந்தது. பிரித்தானியாவில் வஞ்சகம் என்று தீர்மானிக்கப்பட்டால் 10 ஆண்டு வரை அடுத்த விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். அவுஸ்திரேலியாவில் போலிப் பத்திரத்துக்கு 3 ஆண்டு, அடையாளத்தில் பொய்க்கு 10 ஆண்டு. அமெரிக்காவில் காலவரையறையே இல்லாத தடை. விசேட விலக்கு கிடைத்தால்தான் நீங்கும். கடிதத்தில் ‘பொய்யான பத்திரம்’, ‘வஞ்சகம்’ என்ற பொருள்பட ஒரு சொல்லாவது இருந்தால், புதிய விண்ணப்பத்தைப் பற்றி யோசிக்க முன்னர் அந்த நாட்டுச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மேன்முறையீடு பற்றி லண்டன் உறவினர் சொல்லும் புத்திமதி சில வேளை பழைய காலத்தைச் சேர்ந்தது. குடும்பத்தைப் பார்க்க வருபவருக்குப் பிரித்தானியாவில் இருந்த முழு மேன்முறையீட்டு உரிமை 2013 ஜூன் 25 உடன் நீக்கப்பட்டுவிட்டது. மனித உரிமைக் காரணம் என்ற ஒடுங்கிய வழியும், மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டிய நீதிமுறை மீளாய்வும் (தீர்மானம் சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது) மட்டும் எஞ்சியுள்ளன. கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட தீர்மானத்தைச் சமஷ்டி நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த 60 நாள் உண்டு. அந்நீதிமன்றம் வீசா வழங்குவதில்லை. தீர்மானம் நியாயமற்றது என்று கண்டால் வேறோர் அதிகாரி மீண்டும் பார்க்கும்படி திருப்பி அனுப்பும். ஷெங்கன் நாடுகளில் முறையீட்டு உரிமை சட்டத்திலேயே உண்டு, வழி மட்டும் நாட்டுக்கு நாடு வேறு: சுவிற்சர்லாந்தில் 30 நாளுக்குள் குடிவரவுச் செயலகத்துக்கு ஆட்சேபனை எழுதலாம், அதற்கு 200 பிராங் முற்கட்டணம், பிரான்ஸுக்கும் 30 நாள், ஜேர்மனியோ தூதரகத்துக்கே மறுபரிசீலனை எழுதும் வழக்கத்தை 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டதால் பெர்லின் நிருவாக நீதிமன்றம் மட்டுமே உண்டு. கோப்பில் இருந்த ஒரு பத்திரத்தை அதிகாரி பார்க்காமலே மறுத்திருந்தால் முறையீடு பொருத்தமானது. பத்திரமே கோப்பில் இல்லாமல் போயிருந்தால் புதிய விண்ணப்பமே நேரான வழி, ஏனெனில் பிரித்தானிய, கனேடிய நீதிமன்ற மீளாய்வில் பொதுவாக அதிகாரியின் முன் அன்று இருந்ததே ஆராயப்படும்.

சில வேளைகளில் மாற்ற வேண்டியது வீசாவின் வகை. மகளின் பிரசவத்துக்குப் போய் ஓராண்டேனும் உதவியாக இருக்க வேண்டும் என்பதே உண்மையான நோக்கமாக இருக்கும்போது, ஒரு மாதச் சுற்றுலா என்று எழுதிச் சாதாரண வருகையாளர் வீசா கேட்பது நோக்கத்தையும் காகிதத்தையும் பிரித்துவிடுகிறது. பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் கனடா வழங்கும் சுப்பர் வீசா 2011 டிசெம்பரில் தொடங்கப்பட்டது; 2022 ஜூலை 4 முதல் ஒரு வருகையில் 5 ஆண்டு வரை தங்க அது இடமளிக்கிறது. அதற்குக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி ஓராண்டுக்கு வேண்டும். மருத்துவப் பரிசோதனை வேண்டும். அழைக்கும் பிள்ளையின் வருமானம் குடும்ப எண்ணிக்கைக்கேற்ற குறைந்தபட்ச அளவை எட்ட வேண்டும். இங்கேயும் திரும்பும் எண்ணம் பார்க்கப்படுகிறது, ஆனால் நீண்ட தங்கல் தன்னளவில் ஐயத்துக்கு இடமாகாது.

எந்தக் கடிதத்தாலும் உடனே சரிசெய்ய முடியாத நிலைமைகளும் இருக்கின்றன என்பதை நேர்மையாக ஏற்க வேண்டும். இருபத்துமூன்று வயது, திருமணம் ஆகவில்லை, நிலையான வேலை இல்லை, அண்ணனும் அக்காவும் கனடாவில், முன்னர் எங்கும் பயணம் செய்ததில்லை என்ற நிலையில் உள்ள ஒருவரின் வருகையாளர் விண்ணப்பத்துக்குப் பத்திரம் சேர்ப்பது அதிகம் உதவாது. அதிகாரி பார்ப்பது அவருடைய வாழ்க்கை நிலையை. அவருக்கு அடுத்த விண்ணப்பத்தைவிட முதலில் தேவைப்படுவது ஓராண்டு வேலையும் அதன் சம்பளப் பதிவுமாகும். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் இதைச் சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் உதவி.

முகவரிடம் கொடுத்துத்தான் போட வேண்டியவர்கள் பலர். ஆங்கிலப் படிவத்தையும் இணையக் கணக்கையும் தனியே கையாளும் வசதி எல்லோருக்கும் இல்லை. நேர்மையாக உழைக்கும் முகவர்கள் இருக்கிறார்கள். எனினும் வேலைக் கடிதத்தையும் வங்கிப் பத்திரத்தையும் ‘தாங்களே பார்த்துக்கொள்வதாக’ச் சொல்பவரை விட்டு விலக வேண்டும், ஏனென்றால் விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்ட பொய்ப் பத்திரத்துக்காகவும் பிரித்தானிய விதிகளின்படி விண்ணப்பம் மறுக்கப்படலாம், கனேடியச் சட்டம் மறைமுகமாகத் தரப்பட்ட பொய்யையும் கணக்கில் எடுக்கிறது. முதல் விண்ணப்பத்தை வேறொருவர் போட்டிருந்தால், அவரிடமிருந்து அனுப்பப்பட்ட படிவத்தின் முழுப் பிரதியையும், இணைத்த பத்திரங்களையும், கணக்குத் திறந்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டுப் பெற்ற பிறகே இரண்டாவதைத் தொடங்க வேண்டும். தர மறுத்தால், பிரித்தானியாவிடமும் கனடாவிடமும் மேலே சொன்ன முறையில் அந்தப் பதிவுகளை நேரடியாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இரண்டாவது படிவத்தை ஒப்பமிடும் முன் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முதல் படிவத்தின் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.